தப்பான சிவப்பு

அத்தியாயம் 6

அந்தப் புகைப்படத்தில் எல்லாமே சிவந்திருந்தது.

பாதிரியாரின் பூசை உடை சிவப்பு. அவர் முகம் சிவப்பு. பின்னால் இருந்த சுவர், கையிலிருந்த மெழுகுவர்த்தி, பக்கத்தில் நின்ற இன்னாசிராஜின் சட்டை, அவனுடைய பல், எல்லாவற்றின் மேலும் யாரோ தக்காளிச் சாற்றைத் தெளித்துவிட்ட மாதிரி ஒரு சாயம்.

தீர்த்தகிரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார். தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் அவருடைய அறை. கீழே ஒரு கண்டக்டர் ஒசூர் ஒசூர் என்று கத்திக்கொண்டிருந்தான். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிகளைப் பல வருஷம் விசாரித்தவர். கவிழ்ந்த லாரியின் பக்கத்தில் நின்று நாம் பேசுவதில் பயனில்லை, அது பேசும்வரை நிற்க வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டவர்.

"சார் இந்த மாதிரி நின்னுட்டாருன்னா, நான் கீழ போயி ஒரு டீ, ஒரு பன், ஒரு தூக்கம் முடிச்சிட்டு வந்துடலாங்க்கா" என்றான் அவருடைய உதவியாளன் சவரி.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த ராயம்மாள் சிரிக்கவில்லை. அவள் கணவன் சவுரியப்பன் லாரி டிரைவர். செபஸ்தியார் திருநாளன்று சாயங்காலம், பட்டு வியாபாரி கிருஷ்ணப்பனின் பட்டு நூல் மூட்டைகளைச் சேலத்துக்கு ஏற்றிப் போனவன். கணவாயில் ஜீப்பில் வந்து வழிமறித்து, முதலாளி வேறு குடோனுக்குக் கேட்கிறார் என்று சொல்லி மூட்டைகளை இறக்கிக்கொண்டது முதலாளியின் மேனேஜர் இன்னாசிராஜ்தான் என்கிறான் சவுரியப்பன். அப்படி ஒரு உத்தரவே நான் போடவில்லை என்கிறார் முதலாளி. அந்த நேரத்தில் நான் கோவிலில் சாமியார் பக்கத்தில் நின்றேன், இதோ படம் என்கிறான் இன்னாசிராஜ். படத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர் சவுரியப்பனை உள்ளே வைத்துவிட்டார். நாளைக்குக் கோர்ட்.

"முதலாளி ஆள் அனுப்பினாருங்க" என்றாள் ராயம்மாள். "ஒத்துக்கிட்டு மூட்டைய எங்க வெச்சேன்னு சொல்லிட்டா மன்னிச்சுடறேன்னாரு. கேஸு பெருசாகாம பாத்துக்கறேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" தீர்த்தகிரி திரும்பாமலே கேட்டார்.

"செய்யாததுக்கு மன்னிப்பு எதுக்குங்கன்னேன். செஞ்சவனுக்குக் குடுக்கச் சொல்லுங்க, எவ்வளவு வேணாலும் குடுக்கட்டும்."

தீர்த்தகிரி இப்போது திரும்பினார். அவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"சவரி, நீ கோவிலுக்குப் போறவன்தானே?"

"பொறந்தப்ப போனேன். இனிமே போற அன்னிக்கி நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க."

"பூசை உடை ஏன் சிவப்பு?"

"அதுவா சார்? காலத்துக்கு ஒரு கலரு. வேதசாட்சி திருநாளுன்னா சிவப்பு, ரத்தம் சிந்தினவங்களுக்கு. செபஸ்தியாரு அம்பு வாங்கிச் செத்தவரு. சாதா ஞாயித்துக்கெழமன்னா பச்சை. பெரிய பண்டிகைக்கு வெள்ளை. கிறிஸ்துமசுக்கு முந்தின நாலு வாரமும் ஊதா. தவக்காலத்துக்கும் ஊதா. ஊதா போட்டா பீடத்துல பூ கெடையாது, கல்யாணம் கெடையாது. எங்கூட்டுல கறியும் கெடையாது. அதனாலயே ஊதா எனக்குப் புடிக்காது."

"இன்ஸ்பெக்டர் சாமியார்கிட்ட கேட்டாரு" என்றாள் ராயம்மாள். "திருநாளுக்குச் சிவப்புதான் போட்டேன், கூட்டத்துல யாரு நின்னாங்கன்னு ஞாபகமில்லன்னு சொன்னாரு. படத்துல சிவப்பு இருக்கு. அவ்வளவுதான், முடிஞ்சுது."

"பக்கத்துல நிக்கற சட்டை வெள்ளைதானே?"

"வெள்ளைதாங்க. அவரு எப்பவும் வெள்ளைதான் போடுவாரு."

"படத்தில் வெள்ளையாக இல்லையே."

"அது வூட்டுல போட்ட பிரிண்ட்டுங்க, கலரு அப்படித்தான் வரும்னு அவரே சொல்லிட்டாராம்."

தீர்த்தகிரி படத்தை மேஜைமேல் வைத்தார். அது முதலாளி கிருஷ்ணப்பனின் மேஜையிலிருந்து அவர் கேட்டு வாங்கி வந்த பிரதி.

"சவரி, கீழே தெருவில் இருக்கிற ஸ்டுடியோக்காரரிடம் கேட்டாயா?"

"கேட்டேன் சார். கலர் ஃபிலிமை இந்த ஜில்லாவுல எல்லாரும் பெங்களூரு லேபுக்கு அனுப்பறாங்க. மூணு ரூபாயில படம் வந்துடுது. வூட்டுலயே போட்டா தாளு, மருந்து, கெட்டுப்போனது எல்லாம் சேத்து ஒரு படம் பத்து ரூபாய்க்கு மேல போவுதாம். மருந்தைக் கலக்கி வெச்சா ஒரு வாரந்தான், அப்பறம் அதுல ரசம்கூட வெக்க முடியாதாம். வூட்டுல கலர் பிரிண்ட் போடறவன் ஒண்ணு பணக்காரன், இல்லன்னா பைத்தியம்னாரு."

"மூன்றாவது ஒருத்தன் இருக்கிறான். வேற யாரும் பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறவன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். ராயம்மாளும் எழுந்தாள்.

"நானும் வரேனுங்க."

தீர்த்தகிரி செருப்பை மாட்டினார். படியிறங்கிப் போய்விட்டார்.

"வாங்கக்கா" என்றான் சவரி. "வேணாம்னு சொல்லலைன்னா வான்னு அர்த்தம். இந்த மொழிய படிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

*

பாலக்கோட்டில் அன்றைக்குத் தக்காளி விலை செத்துக் கிடந்தது. மார்க்கெட்டில் கூடைகளை இறக்கக்கூட மனமில்லாமல் டிராக்டர்கள் நின்றன. ரோட்டோரம் கொட்டியதை மாடுகள் தின்றுகொண்டிருந்தன.

"மனுசன் கண்ணீர் விடறான், மாடு சட்னி சாப்பிடுது" என்றான் சவரி.

மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இன்னாசிராஜின் வீடு. மேனேஜர் வீட்டம்மா தக்காளித் தொக்கு போட்டு விற்கிறாள் என்று டீக்கடையில் தெரிந்தது. ராயம்மாளை இன்னாசிராஜுக்குத் தெரியும். அதனால் அவள் தெருமுனையிலேயே பிரிந்து, தொக்கு வாங்க வந்தவளாகப் பின்கட்டுப் பக்கம் போனாள். மற்ற இருவரும் முன்வாசலில் நின்றார்கள்.

இன்னாசிராஜ் வெள்ளைச் சட்டையில் வந்தான். நாற்பது வயது. கைவிரல் நகங்கள் மருந்து பட்டுப் பழுத்திருந்தன.

"தருமபுரியில கிருஷ்ணப்பன் மேஜைமேல உங்க படம் ஒண்ணு பார்த்தேன்" என்றார் தீர்த்தகிரி. "வீட்டிலயே கலர் பிரிண்ட் போடறீங்களாமே. எனக்கும் ரொம்ப நாளா ஆசை. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஆசை என்ற சொல் போதுமானதாக இருந்தது. தன் வேலையைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைக்காமல் வருஷக்கணக்காகக் காத்திருந்தவன் முகம் எப்படி மலருமோ, அப்படி மலர்ந்தது இன்னாசிராஜின் முகம். தீர்த்தகிரிக்கு ஒரு கணம் வருத்தமாக இருந்தது. தனிமையில் ஒன்றை நேசிப்பவர்களை அவருக்குப் பிடிக்கும்.

கூடத்துச் சுவர் முழுக்கப் படங்கள். கரும்புத் தோட்டம். சந்தை. ஒரு தக்காளிக் கூடை. கை நீட்டினால் எடுத்துக் கடித்துவிடலாம் போலிருந்தது அந்தத் தக்காளி. மனைவியின் முகம், மாநிறம் மாநிறமாகவே.

"லேபுல குடுத்தா எல்லார் மூஞ்சியும் மஞ்சக்காமாலைங்க" என்றான் இன்னாசிராஜ். "அவனுக்கு நம்ம ஊரு தோலு நெறம் என்ன தெரியும்? நான் போட்டா தோலு தோலா இருக்கும், புல்லு புல்லா இருக்கும். பாத்துக்கங்க."

"எப்பவும் இப்படிச் சரியா வருமா?"

"மொத தாள்லயே புடிச்சுடுவேன். வெளக்குக்கு முன்னால வெக்கற கலர் ஃபில்டர் நம்பர் கையிலயே வந்துடுச்சுங்க. ஒரு தடவகூடத் தப்பினதில்ல."

குளியலறைதான் இருட்டறை. படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழ வைக்கும் என்லார்ஜர் ஒரு பலகைமேல் நின்றது. மருந்துப் பாட்டில்கள் வெந்நீர்த் தொட்டியில் மிதந்தன.

"அப்ப குளிக்கறது எங்கங்க?" சவரி கேட்டான்.

"கெணத்தடியில!" என்று சமையல்கட்டிலிருந்து பதில் வந்தது. இன்னாசிராஜின் மனைவி ஆரோக்கியம்மாள் இரண்டு டம்ளர் மோரோடு வந்தாள். "பொம்பளைங்க நாங்க கெணத்தடியில, போட்டா பாத்ரூம்ல. அதுக்கு வெந்நி வேற போட்டுக் குடுக்கணும். எங்க கொழந்தைக்குக்கூட இந்தச் சூடு பாத்து வெந்நி ஊத்தினதில்லைங்க."

"நீ உள்ள போ" என்றான் இன்னாசிராஜ்.

அவள் போனாள். போகிற வாசல் வழியாகத் தீர்த்தகிரி சமையல்கட்டைப் பார்த்தார். அலமாரியில் வரிசையாகத் தொக்கு ஜாடிகள். ஒவ்வொரு ஜாடியின் வாயிலும் ஏதோ பளபளப்பான தாளைப் போர்த்திச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அவர் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைத் திரும்பக் கொடுக்கிற சாக்கில் சவரியைப் பார்த்தார். சவரி தலையைச் சொறிந்துகொண்டு, தொக்கு வாசனை ஆளைத் தூக்குதே என்று சொல்லியபடி சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்தான்.

"ஒரு சந்தேகம்" என்றார் தீர்த்தகிரி. "படம் சிவப்பாய் வந்தா எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க!" இன்னாசிராஜ் குதூகலமானான். "செவந்து போச்சேன்னு வெளக்குல செவப்பைக் கொறைப்பாங்க. இன்னும் செவக்கும். இங்க எல்லாமே தலைகீழுங்க. நெகட்டிவ் இல்லியா? வெளக்குல செவப்பு ஏத்தினா படத்துல செவப்பு கொறையும். வெளக்குல கொறைச்சா படத்துல ஏறும்."

"நல்லா விளங்குது." தீர்த்தகிரி தொட்டியை எட்டிப் பார்த்தார். பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. "கிருஷ்ணப்பன்கிட்ட நான் பார்த்த படம், கோவில்ல எடுத்தது. அதுல சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருந்ததே?"

இன்னாசிராஜின் கை ஒரு பாட்டில்மேல் நின்றது.

"அது... அன்னிக்கி கரண்ட்டு சரியில்லிங்க. வோல்டேஜ் கம்மி. பல்பு மங்கிச் செவந்து எரிஞ்சுது. அதான் படமும் செவந்து போச்சு."

தீர்த்தகிரி தலையசைத்தார். ரொம்பவும் மரியாதையாகத் தலையசைத்தார்.

பின்கட்டிலிருந்து ராயம்மாளின் குரல் லேசாகக் கேட்டது. "சும்மா வேணாங்க. வெலைய சொல்லுங்க."

"அட, ஒரு ஜாடிதானே, எடுத்துட்டுப் போங்கக்கா. தக்காளி ரோட்டுல கெடக்குது, இதுக்கென்ன."

"சும்மா வாங்கிப் பழக்கமில்லிங்க."

*

சமையல்கட்டில் சவரி ஐந்து ஜாடிகளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பேரம் பேசியது வாய். கண்கள் மூடிகள்மேல் இருந்தன.

"மூடி புதுசா இருக்குதே அண்ணி?"

"அந்தப் போட்டாத் தாளுதான்! தண்ணி பட்டாலும் கிழியாது, எறும்பும் ஏறாது. அந்தத் தாளு ஒரு பொட்டி என்னா வெலை தெரியுமா? நல்ல சேலை ஒண்ணு எடுக்கலாம். எப்பவும் ஒண்ணு ரெண்டுதான் வீணாப்போவும். இப்ப திருநாளு முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு உக்காந்தாரு பாருங்க, ஒரே நாள்ல ஒரு பொட்டியும் காலி. எல்லாம் ஒரே படம். அத்தனையும் அடுப்புல போடுன்னாரு. சரின்னேன். நான் போடுவனா? எனக்கென்ன கிறுக்கா?"

ஐந்து மூடிகள். ஐந்திலும் அதே சாமியார், அதே இன்னாசிராஜ், அதே மெழுகுவர்த்தி. ஒன்றில் உடை கத்தரிக்காய்த் தோல் போல இருந்தது. அடுத்ததில் பீட்ரூட். அதற்கடுத்ததில் செங்கல். ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே போனது.

"அஞ்சையும் குடுங்க அண்ணி. எங்க சாருக்குத் தொக்குன்னா உசிரு. பாருங்க, உசிரக் குடுக்கற மூஞ்சியாவே தெரியும்."

ஜாடிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் கூடத்துக்கு வந்தபோது இன்னாசிராஜ் இருட்டறையிலிருந்து வெளியே வந்தான். ஜாடிகளைப் பார்த்தான். மூடிகளைப் பார்த்தான்.

மார்க்கெட்டிலிருந்து ஏலக்காரனின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஜாடிய எடுத்துட்டுப் போங்க" என்றான் இன்னாசிராஜ். கையை நீட்டினான். "மூடி ஆகாது. மருந்துத் தாளு. வெசம். ஏய், உன்ன எரிக்கச் சொன்னேனில்ல?"

சவரி கையை விலக்குவதற்குள் கயிறுகள் அறுந்தன. வாசலோரம் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து மூடிகளும் அதற்குள் போயின. தாள் சுருண்டது, கொப்புளித்தது, கறுத்த புகையாக நாற்றமடித்தது. ஆரோக்கியம்மாள் வாயில் கை வைத்தபடி நின்றாள். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார்!" என்று கத்தினான் சவரி.

தீர்த்தகிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையைக்கூட அசைக்கவில்லை. கடைசித் தாளும் சாம்பலான பிறகு, "வரேங்க. நிறைய கத்துக்கிட்டேன்" என்று இன்னாசிராஜைக் கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்.

*

"போச்சு சார், எல்லாம் போச்சு." மூடியில்லாத ஐந்து ஜாடிகளோடு சவரி அவருக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தான். தொக்கு அவன் சட்டையெல்லாம் வழிந்திருந்தது. "அந்த ஆளு கண்ணு முன்னாடி எரிக்கறான், நீங்க தீபாராதனை பாக்கற மாதிரி பாத்துட்டு நிக்கறீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கையக் கடிச்சாவது ஒண்ணைப் புடுங்கியிருப்பனே!"

தீர்த்தகிரி நடந்தார்.

"என் சட்டையப் பாருங்க. வேதசாட்சி மாதிரி இருக்கேன்."

தீர்த்தகிரி நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில், புளியமரத்து நிழலில் ராயம்மாள் துணிப்பையோடு நின்றிருந்தாள். தீர்த்தகிரி அவள் முன்னால் போய் நின்றார்.

"எதை எடுத்தீங்க?" என்றார்.

அவள் பையைத் திறந்தாள். ஒரு ஜாடி. மூடியில் சாமியார் நின்றார், இன்னாசிராஜ் நின்றான், மெழுகுவர்த்தி நின்றது. சட்டை பால் மாதிரி வெள்ளை. பூசை உடை சுத்தமான ஊதா.

"பத்துப் பன்னண்டு ஜாடி இருந்துச்சுங்க" என்றாள் ராயம்மாள். "இது ஒண்ணுதான் ஊதா. திருநாளுக்கு எந்தச் சாமியாருங்க ஊதா போடுவாரு? இது கிறிஸ்துமசுக்கு முந்தி எடுத்த படம். திருநாளன்னைக்கு எடுத்ததே இல்ல."

சவரி ஜாடிகளைத் தரையில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"அவங்க விலை கேட்டது காதில் விழுந்தது. சும்மா கொடுத்ததை வாங்காதவங்க, சும்மா ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டாங்க." தீர்த்தகிரி அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் நீளமாகப் பேசினார். "உன்னுடைய ஐந்தை அவன் எரிக்கட்டும்னுதான் விட்டேன். தெருவே பார்த்தது. குற்றமில்லாதவன் ஊறுகாய் மூடியை எரிக்க மாட்டான்."

*

"யோவ் தீர்த்தகிரி, இது ஸ்டேஷனா, மளிகைக் கடையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேஜைமேல் ஆறு ஜாடிகள். சுவரோரம் இன்னாசிராஜ். அவனை அழைத்து வர ஜீப் போயிருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் சவுரியப்பன் எழுந்து நின்றான். ராயம்மாள் அவன் பக்கம் ஒரு தடவைதான் பார்த்தாள். அப்புறம் மேஜையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தீர்த்தகிரி சிவந்த படத்தையும் ஊதா மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே நெகட்டிவ். மெழுகுவர்த்திக்கு மேல பாருங்க, முடி மாதிரி ஒரு தூசி. ரெண்டிலும் அதே இடத்தில், அதே வளைவில்."

"சரி. ஒண்ணு செவப்பு, ஒண்ணு ஊதா. எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? வூட்டுல போட்டா அப்படி இப்படித்தான் வரும்னு இவரே சொல்றாரு."

"வெள்ளை எதில் வெள்ளையாக இருக்கோ அது நிஜம். இந்த மூடியில் சட்டை வெள்ளை, பல் வெள்ளை, மெழுகுவர்த்தி வெள்ளை. அந்தப் படத்தில் வெள்ளைன்னு ஒன்றுமே இல்லை. எல்லாம் சிவந்துட்டா, சிவப்பு உடையும் சிவப்பு, ஊதா உடையும் சிவப்பு. கண்டுபிடிக்க முடியாது. அதுதான் யோசனை."

"கரண்ட்டு கம்மிங்க!" என்றான் இன்னாசிராஜ். "பல்பு செவந்து..."

"விளக்கு சிவந்தால் படத்தில் சிவப்பு குறையும்" என்றார் தீர்த்தகிரி. "எனக்கு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. நல்லா சொல்லிக்கொடுத்தீங்க."

இன்னாசிராஜ் சுவரில் சாய்ந்தான்.

"நிறம் சரியாக வரணும்னு காசைக் கரைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன் சார்" என்று தீர்த்தகிரி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "நிறம் தப்பாக வரணும்னு ஒரு பெட்டித் தாளைக் கரைத்தவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இவருக்கு முதல் தாளிலேயே நிறம் சரியாக விழுந்துடும். கைப்பழக்கம். இந்த ஊதாதான் அந்த முதல் தாள். அதுக்கப்புறம் தன் கையோடவே சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க வைத்திருக்கார். நடுவில் கெட்டதெல்லாம் எரிக்கச் சொன்னார். ஒரு தாள் என்ன விலைன்னு தெரிஞ்ச சம்சாரம் எரிக்கலை."

"சாமியாரைக் கூப்பிட்டு இதைக் காட்டுங்க சார்" என்றான் சவரி. "ஊதா என்னிக்கி போட்டீங்கன்னு கேளுங்க. திருநாளன்னைக்குப் போட்டிருந்தா பிஷப்பு அவருக்கு வேற வேலை தேடச் சொல்லியிருப்பாரு."

இன்ஸ்பெக்டர் வெகு நேரம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இன்னாசிராஜைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது மேனேஜருக்கான மரியாதை இல்லை.

"அது என் வூட்டு ஜாடி!" என்று சட்டென்று கத்தினான் இன்னாசிராஜ். "என் வூட்டுல பூந்து எடுத்துட்டு வந்திருக்கா! திருட்டுச் சாமான எப்படிச் சாட்சியா வெப்பீங்க?"

ராயம்மாள் நகர்ந்து அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"உன் சம்சாரம் சும்மாதான் குடுத்தாங்க. நான் வாங்கல. காசு குடுத்தேன், பக்கத்து வூட்டம்மா பாத்துட்டிருந்தாங்க. இது என் ஜாடி. என் மூடி. தொடு பாக்கலாம்."

அவன் தொடவில்லை. அவன் குரல் இறங்கியது.

"இந்தாம்மா, முதலாளிகிட்ட நான் பேசறேன். புருசன் மேல கேஸு வேணாம்னு எழுதிக் குடுத்துடுவாரு. மூட்டையும் தானா வந்து சேரும். யாரு மேலயும் பழியில்லாம முடிச்சுக்கலாம். அந்த மூடி மட்டும்..."

"யாரு மேலயும் பழியில்லாமயா?" ராயம்மாளின் குரல் உயரவில்லை. "அவர வெலங்கு மாட்டி மார்க்கெட் வழியா கூட்டிட்டு வந்தப்ப கடைக்காரன், கூலிக்காரன், எம்புள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடத்து வாத்தியாரு, அத்தன பேரும் பாத்தாங்க. அதே வழியா அவரு திரும்பி நடந்து வரணும். அத்தன பேரும் பாக்கணும். நீ வெலங்கோட எதுக்க வரணும். அதுக்குக் கொறைஞ்சு எதுவும் எனக்கு வேணாம்."

தீர்த்தகிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவனை உக்கார வை" என்றார் இன்ஸ்பெக்டர் ஏட்டிடம். "மூட்டை தானா வந்து சேருமாமே, எங்கேருந்து வரும்னு கேளு. சாமியாருக்கு ஆள் அனுப்பு." பிறகு, ராயம்மாளைப் பார்க்காமல், சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "மூடிய மட்டும் விட்டுட்டு ஜாடிய எடுத்துக்கம்மா."

ராயம்மாள் கயிற்றை அவிழ்த்தாள். ஊதா மூடியை மேஜையின் நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். சேலை முந்தானையால் ஜாடியின் வாயை மூடிக்கொண்டாள்.

"தொக்கு எதுக்குக்கா இவ்வளவு பத்திரமா?" என்றான் சவரி.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

"அவரு சாப்பிட்டு மூணு நாளாச்சு தம்பி" என்றாள் ராயம்மாள். "வெறுஞ்சோறு எறங்காது அவருக்கு."